சும்பா – 1

அறிவித்தலைப் பச்சைத்தாளில் அடித்தோம்.
வெள்ளைத்தாள் முடிந்திருந்தது.
பிரதேச சபையின் ஓகஸ்ட் விடுமுறை வகுப்புகள்:
சதுரங்கம், பூப்பந்து, எல்லே,
மாலை ஐந்தரைக்கு மகளிருக்குச் சும்பா நடனம்.
அது 'சூம்பா' என்று அச்சாகி
சந்தைவரை சிரிப்பு வாங்கித் தந்தது;
ஒரு மகளிரையும் வாங்கித் தரவில்லை.
கடைசி வரியில் நீச்சல்.
எட்டு முதல் பதினான்கு வயதுவரை.
இருநூறு ரூபா. அஸ்வெசும எடுப்போருக்கு இலவசம்.

குளமெல்லாம் வெடித்துக் கிடக்கிற மாதத்தில்
நீச்சல் வகுப்பு வைக்கிற ஒரே ஊர்
கிளிநொச்சியாகத்தான் இருக்கும்.
கச்சான் காற்று செம்புழுதியைத் தூக்கிவந்து
தடாகத்தில் கொட்ட,
வரதலிங்கம் அண்ணை வலையால் சருகள்ளியபடி
காற்றையும் பொறியியலாளரையும்
ஒரே சொல்லால் ஏசுவார்.

நான் மேசைக்கு இந்தப் பக்கம்.
முத்திரை, பசை, ரசீதுப் புத்தகம்.
படிவத்தின் ஏழாவது கேள்வி:
பிள்ளையின் உடலில் குறைபாடு ஏதும் உண்டா?
'தடிமன் வரும்' என்று ஒரு தாய் எழுதியிருந்தார்.
'சொல்வழி கேளான்' என்று ஒரு தகப்பன்.

செவ்வாய் பின்னேரம்
ஆடைத் தொழிற்சாலைச் சீருடையோடு ஒருத்தி,
பஸ் போய்விடும் அவசரத்தில்
நின்றபடியே நிரப்பினாள்.
பெயர்: ஜெயகௌரி.
"பிள்ளையின்ர பேரை எழுதுங்கோ."
"என்ர பேர்தான்."
வயது: நாற்பத்து மூன்று.
பாதுகாவலர் கையொப்பம் என்ற இடத்தில்
பேனை கொஞ்சம் நின்றது.
பிறகு அங்கேயும் தன் பெயரையே வைத்தாள்.

"அக்கா, இது சின்னப் பிள்ளையளுக்கு."
"வாசிச்சனான்."
"தண்ணி பழக்கமோ?"
"ஒருக்கா கழுத்துமட்டும் தண்ணிக்குள்ளால நடந்தனான்.
நடந்ததை நீந்தினதெண்டு சொல்லேலாதுதானே."

எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை.

ஏழாவது கேள்விக்கு நேரே
'இடது தோளில் சின்ன இரும்பு. நோகாது' என்று இருந்தது.
மற்றப் படிவங்களைவிட
எழுத்து அழகு.

செயலாளரிடம் கேட்டிருந்தால்
சுற்றுநிருபம் பேசியிருக்கும்.
நான் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து
'மகளிர் சும்பா – 1' என்று எழுதி
கிழித்துக் கொடுத்தேன்.
அவள் அதை வாசித்தாள். என்னைப் பார்த்தாள்.
"எத்தினை மணிக்கு ஆடவேணும்?"
"ஐந்தரைக்கு. தடாகத்தடியில."

பயிற்றுநர் நிரோஜினி மட்டக்களப்புக்காரி,
இருபத்தாறு வயது, கழுத்தில் விசில்.
முதல் நாள் ஜெயகௌரி
சுடிதாரோடு கம்பியைப் பிடித்தது பிடித்தபடி.
இரண்டாம் நாளும் அதே கம்பி.
"தண்ணியோட மல்லுக்கட்டாதீங்க,
உடம்ப அதுக்கிட்ட குடுங்க."
"குடுத்தா திருப்பித் தருமோ?"
நிரோஜினிக்குப் பதில் வரவில்லை.
விசிலை வாயில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மின்சாரம் போய்ப் பம்பு நின்றது.
தடாகம் சத்தமில்லாமல் கிடந்தது.
அப்போது விட்டாள் கம்பியை.
மல்லாந்து, காதிரண்டும் தண்ணீருக்குள்,
தோளில் அந்த இரும்போடு
மிதந்தாள். பத்து எண்ணினேன்.
பிறகு மூக்கால் தண்ணீர் ஏறி
இருமி எழும்பி
எங்கள் எல்லாரையும் ஏசினாள்.

அடுத்த கிழமை
தொழிற்சாலைச் சீருடைகள் ஐந்து வரிசையில் நின்றன.
பிறகு தபால்கந்தோர் மிஸ்,
தன் மகனுக்குப் படிவம் வாங்க வந்து
தனக்கும் ஒன்று கேட்ட மீன்காரப் பெண்,
கொழும்பிலிருந்து லீவில் வந்த கணக்காளர்.
சும்பா – 9. சும்பா – 14.
விடுமுறை முடிந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகும்
ஐந்தரைக்கு அந்தப் பக்கம்
தண்ணீர் அடிபடும் சத்தம்.

மாகாணக் கணக்காய்வில் இருந்து
நேற்றுக் கடிதம் வந்தது.
நடன வகுப்பொன்றுக்கு
நாற்பது கிலோ குளோரின் வாங்கப்பட்ட
காரணத்தை விளக்குக.

பதினான்கு நாள் தவணை.
வெள்ளைத்தாள் இன்னும் வரவில்லை.
பச்சையில்தான் பதில் எழுதவேண்டும்.